மெனோபாஸ் டைம்ல பதட்டம், அசதி: மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கார்டிசால் டெஸ்ட் பண்ணியே ஆகணுமா?

கரூர் வசந்தி

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயசு 48, கரூர் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல ஏழாவது எட்டாவதுக்கு கணக்கு எடுக்கறேன். ஒரு வருசமாவே பீரியட்ஸ் தாறுமாறா இருக்குது, ரெண்டு மாசம் வராது, அப்பறம் வந்துச்சுன்னா பத்து பன்னெண்டு நாள் விடாம கட்டி கட்டியா போகும், வயசு அப்படி, நிக்கப்போறப்ப இப்படித்தான் இருக்கும்னு எங்கம்மா சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். ஆனா இந்த ஆறு மாசமா ராத்திரி மூணு மணி ஆனா டக்குனு முழிப்பு வந்துருதுங்க, நெஞ்சு திக்கு திக்குனு அடிக்குது, கழுத்து முதுகெல்லாம் குப்புனு வேர்த்து நைட்டி நனைஞ்சிருது, ஏதோ கெட்ட சேதி வரப்போகுதுங்கற மாதிரி ஒரு பயம், போன எடுத்து பொண்ணு ஹாஸ்டல்ல ஆன்லைன்ல இருக்காளானு பாத்துட்டு படுத்தாலும் தூக்கம் வரதில்ல.

பகல்ல அசதினா அசதி. முன்னெல்லாம் படி ஏறி கிளாசுக்குள்ள போறப்பவே பேசிட்டே போவேன், இப்ப ரெண்டாவது மாடி ஏறி டேபிள புடிச்சு நின்னு மூச்சு வாங்கிட்டுதான் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன். பசங்க ஒருமாதிரி பாக்கறாங்க. சோறும் சரியா எறங்கறதில்ல, ஆனா பச்சரிசி டப்பாவ தொறந்தா ரெண்டு கைப்புடி வாயில போட்டு மென்னுட்டே நிக்கறேன், பொண்ணு லீவுக்கு வந்தப்ப பாத்துட்டு திட்டறா, அது வேற கதை.

லேடீஸ் டாக்டர்கிட்ட போனேனுங்க. கூட்டம் ஜாஸ்தி, அஞ்சு நிமிசம் பேசுனாங்க, மெனோபாஸ் பதட்டம்னு சொல்லி எஸ்சிட்டாலோபிராம் 5 எழுதி குடுத்து ஒரு மாசம் கழிச்சு வரச்சொன்னாங்க. வாங்கி வெச்சிருக்கேன், போடல, மனசு மாத்திரைனா பழகிருமோனு பயம். அதுக்குள்ள என் நாத்தனார் சொல்லி ஒரு வெல்னெஸ் சென்டர்ல வீடியோ கால்ல பேசுனேன், அவங்க எடுத்த எடுப்புலயே "இது அட்ரினல் ஃபெட்டீக் மேடம், கிட்னி மேல இருக்கற அட்ரினல் சுரப்பி களைச்சு, கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் தீந்து போச்சு, அத அளக்காம எந்த மருந்து சாப்பிட்டாலும் வீண்"ங்கறாங்க. ஒரு நாள்ல நாலு தடவ எச்சில் எடுத்து கிட்ல அனுப்பணுமாம், 8500 ரூபா, அப்பறம் மூணு மாசத்துக்கு பவுடரு.

கேள்வி இதுதானுங்க, பணம் போனாலும் பரவால்ல, கார்டிசால் பாக்காம மருந்து ஆரம்பிச்சா தப்பாயிருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலூர் லேப்காரன்

19 வருசமா லேப்ல ரத்தம் எடுக்கறவன், டாக்டர் இல்ல, டெஸ்ட் பத்தி மட்டும் சொல்றேன் மேடம்.

கார்டிசால் சக்கரை மாதிரி ஒரே நம்பர்ல நிக்கிற சாமான் கிடையாது. காலைல கண்ணு முழிச்சு அரை மணி முக்கா மணி நேரத்துல உச்சிக்கு போகும், அப்பறம் நாள் பூரா எறங்கிக்கிட்டே வந்து நடுராத்திரி அடிமட்டத்துல இருக்கும், இது ஆரோக்கியமான ஆளுக்கே. அதனால யாராச்சும் வந்து "எனக்கு கார்டிசால் 9, கம்மியா கூடவா"ன்னு கேட்டா எத்தன மணிக்கு எடுத்ததுன்னுதான் மொதல்ல கேப்போம். காலைல 8 மணி ரத்தத்துக்கு ஏறக்குறைய 5ல இருந்து 25 மைக்ரோகிராம் வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். எவ்ளோ அகலமான கோடுன்னு பாருங்க, அதுக்குள்ள 8 இருந்தா அசதி 20 இருந்தா பதட்டம்னு பிரிச்சு சொல்ல அந்த டெஸ்ட்ல வழி இல்ல. 3க்கு கீழ போனா அட்ரினல் சுரப்பி நெசமாவே வேலை செய்யலையோன்னு டாக்டருங்க உசாராவாங்க, 15, 18ன்னு மேல இருந்தா அந்த பயம் பெரும்பாலும் இல்ல, நடுவுல மாட்டிக்கிச்சுன்னா அட்ரினல தூண்டி விடுற ஏசிடிஎச் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப எடுத்து பாப்பாங்க.

கூடிப்போச்சான்னு பாக்குறதுக்கு வழி வேற. ராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு 1 மில்லிகிராம் மாத்திரை போட்டுட்டு மறுநாள் காலைல 8 மணிக்கு ரத்தம், அது 1.8க்கு கீழ எறங்கியிருக்கணும். இல்லாட்டி 24 மணி நேர யூரின், இல்லாட்டி படுக்கப்போற நேரத்து எச்சில். எச்சில் டெஸ்டே பொய்னு நான் சொல்லல, கார்டிசால் கூடிப்போற குஷிங்னு ஒரு வியாதிய புடிக்க அது நல்ல டெஸ்டு. ஆனா நாலு வேளை எடுத்து கிராஃப் போட்டு "உங்க அட்ரினல் களைச்சுப் போச்சு"ன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, அப்படி ஒரு வியாதியவே ஹார்மோன் டாக்டருங்க சங்கங்கள் ஒத்துக்கல. 2016ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசி ஒரு கட்டுரை வந்துச்சு, தலைப்பே அட்ரினல் ஃபெட்டீக்னு ஒண்ணு இல்லங்கறதுதான்.

இன்னொண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறீங்களா? சில மெஷின்ல அது கார்டிசால கூட்டிக் காட்டும், தைராய்டுக்கு பாக்குற டிஎஸ்எச்ச கொறச்சுக் காட்டும். எந்த ரத்த டெஸ்டுன்னாலும் சொல்லிட்டு, டாக்டர கேட்டு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திருங்க. வாய்வழியா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கறவங்களுக்கும் ரத்தத்துல கார்டிசால் கூடவே காட்டும், ஹார்மோன தூக்கிட்டு போற புரதம் கூடிப்போறதால. இது தெரியாம ரிப்போர்ட்ட பாத்து அழுதுட்டு வர்றவங்கள நான் பாத்துருக்கேன்.

மதுரை சிஸ்டர் ராஜம்

டீச்சரம்மா, நான் 31 வருசம் கவருமெண்டு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்சா இருந்து ரிட்டையர் ஆனவ, பெரும்பாலும் பொம்பளைங்க வார்டு. நீங்க அது வேற கதைன்னு தள்ளிட்டுப் போனீங்க பாருங்க அந்த பச்சரிசி, எனக்கு அதுலதான் கண்ணு நின்னுச்சு. வார்டுல அரிசி மெல்லுறவங்க, சாம்பல் திங்கிறவங்க, செவத்து சுண்ணாம்ப சொரண்டுறவங்க, ஐஸ் கடிக்கிறவங்கன்னு எத்தனையோ பேர பாத்தாச்சு, கண்ணு கீழ் இமைய இழுத்துப் பாத்தா வெள்ளத்துணி மாதிரி இருக்கும். உடம்புல இரும்பு வத்திப்போனா வர்ற ஆசை அது. பன்னெண்டு நாள் கட்டி கட்டியா போகுதுன்னு வேற எழுதிருக்கீங்க, மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்கறீங்க, நெஞ்சு அடிக்குதுங்கறீங்க. ரத்தம் கம்மியா இருந்தா இருக்கிற ரத்தத்த வச்சு ஊர் பூரா சப்ளை பண்ண இதயம் வேகமாத்தான் அடிக்கணும், அது ராத்திரில அமைதியா இருக்கையில நமக்கு பயமா தெரியுது.

நாளைக்கே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு எவ்ளோன்னு காட்டுறது), டிஎஸ்எச், சக்கரை, பி12, சோடியம் பொட்டாசியம் பாத்துருங்க. 8500 ஆகாது, கவருமெண்டு ஆஸ்பத்திரில போனா பெரும்பாலானத காசில்லாமலே பாத்துரலாம். தேசிய குடும்பநல சர்வே 2019-21ல எடுத்ததுல நம்ம தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை, ரெண்டுல ஒருத்தி. அப்படிப்பட்ட ஊர்ல அசதின்னு வந்தவளுக்கு ஹீமோகுளோபின் பாக்காம எச்சில் கேக்குறாங்கன்னா எனக்கு கோவம் வருதும்மா.

மெனோபாஸ் இல்லன்னு நான் சொல்ல வரல. வேர்வையும் மூணு மணி முழிப்பும் அதோட சேர்க்கைதான், 45 தாண்டுனவங்களுக்கு அறிகுறிய வச்சே முடிவு பண்ணலாம், எஃப்எஸ்எச்ங்கற ஹார்மோன் டெஸ்ட் கூட பெரும்பாலும் பாக்க வேண்டாம், ஏன்னா இந்த கட்டத்துல அது இன்னைக்கு ஏறும் நாளைக்கு எறங்கும். தூக்கம் கெட்டா பகல்ல அசதி, அசதியா இருந்தா மனசும் தாங்காது. ஒண்ணுக்கொண்ணு முடிச்சுப் போட்டுக்கும். கார்டிசாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்லிற முடியாது, அமெரிக்காவுல சியாட்டில்ல நடுவயசு பொம்பளைங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாத்தவங்க, மாதவிலக்கு நிக்கப்போற கடைசி கட்டத்துல ராத்திரி யூரின்ல கார்டிசால் கொஞ்சம் ஏறுறத 2009ல எழுதியிருக்காங்க. ஆனா அது நெறைய பேர சேத்துப் பாத்த கணக்கு, அத வச்சு இந்தம்மாவுக்கு இந்த மாத்திரைன்னு எழுத முடியாது.

ரெண்டு விசயம் கேக்கணும், மறைக்காம சொல்லுங்க. முட்டி வலி இடுப்பு வலின்னு மெடிக்கல்ல "ஒரு செட் குடுங்க"ன்னு கலர் மாத்திரை வாங்கி போடுற பழக்கம் உண்டா? அதுல ஸ்டீராய்டு இருக்க நெறைய வாய்ப்பு. மாசக்கணக்கா போட்டவங்களுக்கு சொந்த சுரப்பி தூங்கிப் போயிரும், திடீர்னு நிறுத்துனா ஆபத்து, அவங்களுக்கு கார்டிசால் கண்டிப்பா பாக்கணும். ரெண்டாவது, உங்க வயசுல இத்தன நாள் ரத்தம் போனா ஸ்கேன் பண்ணி கர்ப்பப்பை உள் சவ்வு எவ்ளோ தடிமன்னு பாக்கணும், தேவைன்னா கொஞ்சம் சதை எடுத்து அனுப்புவாங்க. நிக்கப்போற நேரம் அப்படித்தான்னு அம்மா சொன்னத நம்பி விடாதீங்க.

அந்த எஸ்சிட்டாலோபிராம் பத்தி பயப்பட வேணாம், அது தூக்க மாத்திரை மாதிரி பழகுற ஜாதி இல்ல, வேர்வையக்கூட சிலருக்கு கொறைக்கும். மொத வாரம் வயித்த பெரட்டும், பதட்டம் கொஞ்சம் கூடுன மாதிரி கூட இருக்கும், பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். ஆனா சிலருக்கு ரத்தப்போக்க கொஞ்சம் கூட்டலாம், அதனால இவ்ளோ போகுதுங்கறத எழுதுன டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க. ராத்திரி ரொம்ப பயமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

மீனா கோவை

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. போன வருசம் எனக்கும் இதே மாதிரி கிட் அனுப்புனாங்க, காலைல கார்டிசால் கம்மி ராத்திரில கூடனு வந்துச்சு, அஸ்வகந்தா கலந்த பவுடர் குடுத்தாங்க, ரெண்டு மாசத்துல தூக்கம் வந்துச்சு. டாக்டருங்க அஞ்சு நிமிசத்துல மனசு மாத்திரை எழுதி தள்ளி விடறாங்க, இவங்களாவது முக்கா மணி நேரம் உக்காந்து கேட்டாங்க. அத ஏமாத்துனு எப்படி சொல்றது?

மேலூர் லேப்காரன்

மீனா மேடம், தூக்கம் வந்தது நெசந்தான், அத யாரும் இல்லன்னு சொல்லல. முக்கா மணி நேரம் உக்காந்து கேட்டாங்க பாருங்க, அதுவே பாதி மருந்து, நம்ம டாக்டருங்ககிட்ட இல்லாதது அதுதான். என் வாதம் அந்த நம்பர் மேல மட்டும். கிட் எடுத்தன்னைக்கு நீங்க எத்தன மணிக்கு எழுந்தீங்க, எடுக்கறதுக்கு முன்னாடி பல்லு வெளக்குனீங்களா, ராத்திரி வேர்த்து எழுந்த அன்னைக்கா எடுத்தீங்க, இதெல்லாம் கிராஃப மாத்திரும். தூங்காதவங்களுக்கு ராத்திரி கார்டிசால் கூடத்தான் செய்யும்.

பவுடர் விசயத்துல மட்டும் கவனமா இருங்க. அஸ்வகந்தால கல்லீரல் பாதிச்ச கேசுங்க பதிவாயிருக்கு, தைராய்டு ஹார்மோனையும் கூட்டலாம், தைராய்டு மாத்திரை எடுக்கறவங்க கேக்காம சாப்பிடக்கூடாது. அமெரிக்காவுல அட்ரினல் சப்போர்ட்னு விக்கிற 12 மாத்திரைய ஆராய்ஞ்சு பாத்து 2018ல எழுதுனாங்க, பன்னெண்டுலயும் தைராய்டு ஹார்மோன் இருந்துச்சு, பாதிக்கு மேல ஸ்டீராய்டும் இருந்துச்சு, லேபிள்ல போடவே இல்ல. அத சாப்பிட்டா தெம்பு வரத்தான் செய்யும்.

ஸ்காபரோ சுபா

நான் கனடாவில இருக்கிறன், வயசு 51. இஞ்சயும் உதே கதைதான், நேச்சுரோபத் ஒராள் எனக்கும் எச்சில் டெஸ்ட் செய்யச் சொன்னவா, நானும் செய்தனான். பிறகு குடும்ப டொக்டர் காலமை ரத்தத்தில பாத்தவர், 400 எண்டு வந்தது. நான் இந்தியப் பக்கங்களில 25தான் நார்மல் எண்டு வாசிச்சிட்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் அழுதனான். பாத்தால் இஞ்ச நனோமோல் கணக்கு, உங்கட மைக்ரோகிராமுக்கு மாத்த 27.6 ஆல பிரிக்க வேணும், அப்ப அது பதினாலரை, நல்ல நார்மல். ரிப்போர்ட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பிக் கேக்கிற ஆக்கள் அலகையும் பாருங்கோ.

எனக்கு கடைசியில உதவினது தோலில ஒட்டுற ஈஸ்ட்ரோஜன் பட்ச், அதோட கர்ப்பப்பை இருக்கிறபடியால் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை, பிறகு பத்து கிழமை சிபிடி எண்டு கதைக்கிற சிகிச்சை. எல்லாருக்கும் ஹார்மோன் சரிவராது, மார்புப் புற்றுநோய் வந்த ஆக்களுக்கு, கால்ல ரத்தக்கட்டி வந்த ஆக்களுக்கு வேற வழி பாக்க வேணும். காரணம் தெரியாமல் ரத்தம் போற நேரத்தில ஹார்மோன் துவங்கவும் கூடாது எண்டு எனக்குச் சொன்னவை. வசந்தி அக்கா, முதல்ல அந்த ஸ்கேனை எடுங்கோ.

திண்டிவனம் கலா

கார்டிசால் வேணாம் வேணாம்னு எல்லாரும் எழுதறதால ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க அக்காவுக்கு அந்த டெஸ்ட் பண்ணாததாலதான் உயிர் போயி வந்துச்சு.

ரெண்டாவது பிரசவத்துல அக்காவுக்கு ரத்தம் கொட்டி நாலு பாட்டில் ஏத்துனாங்க. பாப்பாவுக்கு பால் ஒரு சொட்டு வரல. அப்பறம் பீரியட்ஸும் வரல, 34 வயசுல. சீக்கிரமே நின்னு போச்சு, சில பேருக்கு அப்படினு வீட்ல விட்டுட்டோம். ஒன்பது வருசம் அக்கா படுத்தே கெடந்தா, மாமியார் சோம்பேறினு சொல்லாத நாள் இல்ல. கூப்புட்டா அரை நிமிசம் கழிச்சுதான் திரும்புவா, அக்குள்ல முடி கொட்டிப் போச்சு, முகம் வெளுத்து மெழுகு மாதிரி. ஒரு டாக்டர் தைராய்டு கம்மினு மாத்திரை குடுத்தார், மூணாவது வாரம் வாந்தி, மயக்கம், பிரஷர் 70க்கு எறங்கிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், அங்க ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் எங்கள பாத்து கேட்ட முதல் கேள்வி "கடைசி பிரசவத்துல பால் வந்துச்சா?" அந்த ஒரு கேள்விதாங்க. கார்டிசால் 1.2. ஷீஹன்னு பேரு, ரத்தம் கொட்டினப்போ மூளைக்கு கீழ இருக்கற பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் இல்லாம கருகிப் போயிடுமாம், அது ஆர்டர் போடலனா தைராய்டும் அட்ரினலும் வேலை செய்யாது. இதுல டிஎஸ்எச் மட்டும் பாத்தா நார்மல் மாதிரியே இருக்கும், டி4ங்கற தைராய்டு ஹார்மோன்தான் கம்மியா இருக்கும். கார்டிசால் கம்மியா இருக்கறவங்களுக்கு அத குடுக்காம தைராய்டு மாத்திரைய மொதல்ல குடுத்தா இருக்கற கொஞ்ச நஞ்சத்தையும் உடம்பு செலவழிச்சுடும்.

இப்ப ஹைட்ரோகார்டிசோன் மூணு வேளை, அப்பறம் தைராய்டு. காய்ச்சல் வந்தா டோஸ டபுள் பண்ணணும், பர்ஸ்ல ஒரு சீட்டு எப்பவும் இருக்கும். அக்கா இப்ப வீட்டு மாடில கீரை போட்டிருக்கா.

அதனால யாருக்கு வேணும்னு தெரிஞ்சு பண்ணுங்க. பிரசவத்துல நிறைய ரத்தம் போயி பால் வராதவங்க, உடம்பு எளைச்சுட்டே போயி ஈறும் உள்ளங்கை ரேகையும் கருத்துப் போறவங்க, எழுந்து நின்னா கண்ணு இருட்டறவங்க, உப்பு உப்புனு தேடறவங்க, டிபி வந்து போனவங்க, இவங்கெல்லாம் காலைல 8 மணி கார்டிசால கேட்டு வாங்குங்க.

மதுரை சிஸ்டர் ராஜம்

கலா, நல்ல நேரத்துல சொன்ன தாயி. இதோட எதிர்ப்பக்கமும் இருக்கு: முகம் உருண்டையாயி, லேசா இடிச்சாலும் நீலம் பாஞ்சு, வயித்துல அகலமா ஊதாக்கோடு விழுந்து, குத்த வச்சு உக்காந்தா எந்திரிக்க முடியாம, புதுசா பிரஷர் சக்கரை ரெண்டும் ஏறுனா அது குஷிங்கா இருக்கலாம், அவங்களும் பாக்கணும். வசந்தி டீச்சர், உங்க பிரசவமெல்லாம் எப்படி?

கரூர் வசந்தி

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கனு நெனைக்கலைங்க, படிச்சுட்டு ஸ்டாஃப் ரூம்லயே அழுதுட்டேன். ரெண்டு பிரசவமும் நல்லபடியாத்தான் ஆச்சு, பால் நெறைய இருந்துச்சு. முட்டி வலிக்கு செட் மாத்திரை போன வருசம் ரெண்டு தடவ, அஞ்சஞ்சு நாள் போட்டேன், அவ்வளவுதான். கலாக்கா, உங்க அக்காவ நெனச்சுட்டே இருந்தேன் அன்னிக்கு ராத்திரி பூரா.

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். ஹீமோகுளோபின் 7.9. ஃபெரிட்டின் 4. லேப்ல குடுத்த பொண்ணு "மேடம் நீங்க நடந்தா வந்தீங்க"ன்னு கேட்டுச்சு. தைராய்டு, சக்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் நார்மல், பி12 கொஞ்சம் கம்மி. ஜெனரல் டாக்டர் ஒருத்தர்கிட்ட கார்டிசால் பாக்கணுமானு நேராவே கேட்டேன், அவரு படுக்க வெச்சும் நிக்க வெச்சும் பிரஷர் பாத்தாரு, ஈறு, உள்ளங்கை பாத்தாரு, செட் மாத்திரை கணக்கையும் கேட்டாரு, உங்களுக்கு இப்ப தேவையில்லனு சொல்லிட்டாரு. வேற லேடீஸ் டாக்டர்கிட்ட ஸ்கேன் பண்ணுனதுல 4 சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு (கர்ப்பப்பை கட்டி), சவ்வும் தடிமனா இருக்குதாம், சதை எடுத்து அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் வியாழக்கிழமை. இரும்பு டிரிப் ஒண்ணு போட்டாச்சு, அரை மணி நேரந்தான் ஆச்சு.

நேத்து ரெண்டாவது மாடி ஏறி டேபிள புடிக்காம அட்டெண்டன்ஸ் எடுத்தேனுங்க. ராஜம் சிஸ்டர், பச்சரிசி டப்பாவ தொறந்து வேணும்னே மோந்து பாத்தேன், ஒண்ணுமே தோணல, மூடி வெச்சுட்டேன். மூணு மணி முழிப்பு இன்னும் வாரத்துல ரெண்டு நாள் இருக்குது, வேர்வையும் இருக்குது, ஆனா அந்த கெட்ட சேதி பயம் பாதியா கொறஞ்சிருக்குது. எஸ்சிட்டாலோபிராம் வேணுமா, ஹார்மோனானு ரிசல்ட் வந்தப்பறம் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கிட் ஆர்டர கேன்சல் பண்ணிட்டேன். இரும்பு மாத்திரையும் எழுதியிருக்காங்க, அடுத்த மாசத்துல இருந்து, காலைல டீயோட போட்டுக்கலாமுங்களா?

மதுரை சிஸ்டர் ராஜம்

டீயோட வேண்டவே வேணாம்மா, டீ இரும்ப உள்ள விடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம், முடிஞ்சா ரெண்டு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க, கால்சியம் மாத்திரை எடுத்தா அதையும் ராத்திரிக்கு தள்ளிருங்க. மலம் கருப்பா போகும், பயந்துராதீங்க. வியாழக்கிழமை ரிசல்ட் வந்ததும் இங்க ஒரு வரி எழுதுங்க, பாத்துக்கிட்டே இருப்பேன்.